சிவப்புக் கொடிக்கு யாரும் பதில் வணக்கம் சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் திருமதி லோர்னா டிரைலிங் அவர்களுக்கு,

நம் சரக்கு ரயிலின் கார்டு கோல்பி உன்ரூ எழுதுவது. தாங்களும் தங்கள் கணவரின் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

லாபமில்லை என்று பெரிய கம்பெனி நம் பாதையைக் கைவிட்டபோது, போகிற போக்கில் சாலையில் இருந்த லெவல் கிராசிங் விளக்குகளையும் கழற்றிக்கொண்டு போனது. அதன்பிறகு தண்டவாளத்தில் புல்தான் வளர்ந்தது. கோதுமையை லாரியில் அனுப்பி, வந்த விலையை லாரிக்கே அழுதோம். இப்போது நாலு ஊர் விவசாயிகள் பங்கு போட்டு, ஒரு கிழட்டு எஞ்சினை வாங்கிப் பாதையை எழுப்பியிருக்கிறோம். விளக்கு கேட்டால், மாவட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கவுண்டி அலுவலகம் "பரிசீலனையில் இருக்கிறது" என்கிறது. கால்பந்து மைதானத்து மின்சார ஸ்கோர் போர்டை மட்டும் யாரும் பரிசீலிக்கவில்லை, நேராக வாங்கிவிட்டார்கள்.

ஆகவே விளக்கு நான்தான். ரயிலுக்கு முன்னால் நடந்துபோய், சாலையில் நின்று சிவப்புக் கொடி ஆட்ட வேண்டும். கிராசிங்குக்கு முன் ஏற்றம். கோதுமைப் பெட்டிகளோடு அங்கே நின்றுவிட்டால் எங்கள் எஞ்சினால் மறுபடி இழுக்க முடியாது. ஜங்ஷனில் எங்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டு போகும் பெரிய கம்பெனி ரயில் காத்திருக்காது. அதைத் தவறவிட்டால் பழையபடி லாரிதான் என்று கூட்டுறவுக் கிடங்கு மேனேஜர் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை முதல் நடை. கொடியை ஆட்டினேன். வந்த பிக்கப் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. நம் ஊரில் யார் கையை ஆட்டினாலும் விரலைத் தூக்க வேண்டும், வளர்ப்பு அப்படி. பதறிப்போய் வேகமாக ஆட்டினேன். பாதிரியார் மனைவி முழுக்கையையும் ஆட்டிவிட்டுப் போனார். அடுத்து கேலன் பென்னர். பிக்கப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துவந்தது அம்மோனியா உரம் நிறைந்த டேங்கு. அது உடைந்தால் ஊரே மூச்சுவிட முடியாது. அவர் நல்ல மனிதர், என்னவோ ஏதோ என்று வண்டியை நிறுத்தினார். தண்டவாளத்தின் மேல். கண்ணாடியை இறக்கினார்.

"என்னப்பா, வண்டி மக்கர் பண்ணிருச்சா? ஏறு, கொண்டு விடுறேன்."

"அண்ணே, ரயில் வருது! எடுங்க!"

"எந்த ரயில்? அது நின்னுதான் எத்தனையோ வருஷமாச்சே. அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க, நீங்கதான் சாகப்போறீங்க! நீங்க பங்கு போட்ட ரயில்ண்ணே!"

"அட ஆமா! இன்னைக்கா அது?"

ஹாரன் அலறியது. பதற்றத்தில் ரிவர்ஸைப் போட்டார். டேங்கு குறுக்கே திரும்பிக்கொண்டது. நான் கத்துகிறேன், சக்கரம் கிறீச்சிடுகிறது, எஞ்சின் நெருங்கிக்கொண்டே வருகிறது, எனக்குக் கண்ணை மூடவும் தோன்றவில்லை. ரயில் நின்றபோது டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே என் கொடிக்கம்பு நுழையும் இடம்தான் இருந்தது.

டிரைவர் மெர்ல் ஸ்டக்கி தலையை நீட்டினார். "யோவ் கேலன்! வயலுக்குப் போடுற உரத்தை என் தலையில போடப் பாக்கிறியா?"

கேலன் அவருக்கும் ஒரு விரலைத் தூக்கினார்.

அவர் வண்டியை எடுத்த பிறகும், ஏற்றத்தில் நின்றுவிட்ட ரயில் அசையவில்லை. பாதிப் பெட்டிகளைக் கழற்றி மேட்டுக்கு மேலே இழுத்து விட்டுவிட்டு, திரும்பி வந்து மீதியை இழுத்தோம். ஜங்ஷனில் ஒரு ஈ காக்கா இல்லை. மேனேஜர் வெள்ளிக்கிழமை வரை இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான். ஆகவே முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுங்கள்: கொடி வணக்கம் அல்ல. தண்டவாளத்துக்கு முன்னால் நிற்கவும், மேலே அல்ல.

ஆலங்கட்டி இல்லாத மழை தங்கள் வயலில் பெய்யட்டும்.

இப்படிக்கு,
கோல்பி உன்ரூ

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக் கதை வாய்வழியாகப் பரவி, ஒரு வண்டிகூடத் தண்டவாளத்தைத் தொடவில்லை. எல்லோரும் ஒழுங்காக இரண்டு பக்கமும் நின்று, இறங்கி, ரயிலைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். மெர்லும் நம் ஊர்க்காரர்தானே? ஏற்றத்திலேயே ரயிலை நிறுத்தி, தலையை நீட்டி, கேலனின் மாட்டுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். மறுபடி பாதிப் பாதியாக இழுத்தோம். பெரிய கம்பெனி ரயில் எங்களைவிடத் தாமதமாக வந்ததால் கோதுமை போய்ச் சேர்ந்தது. முதல் பக்கம் வேண்டாம் அம்மா. மெர்ல் வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பினால் போதும்.