மொட்டைப்பாறையில் நான் கண்டுபிடித்த சிறுத்தை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நம்பர் போட்டு எழுதினால் அவமானம் கொஞ்சம் கம்மியாகத் தெரியும்.

1. ஆம்பூருக்குப் பின்னால் இருக்கும் மொட்டைப்பாறை மலையில் ஒன்பது தானியங்கிக் காமிராக்களைக் கட்டினேன்.
2. அவற்றில் மூன்றில் சிறுத்தை பதிவானது.
3. மூன்றும் ஒரே சிறுத்தைதான் என்று கணினியை வைத்து நிரூபித்தேன்.
4. வனத்துறை ரேஞ்சர் என்னை நம்பினார்.
5. அடிவாரத்து ஆடுகள் மலையேறக் கூடாது என்று சொல்லப்பட்டது.
6. அடிவாரத்து மக்களைக் கூட்டி, திரையில் படம் போட்டு, சிறுத்தையோடு சேர்ந்து வாழ்வது எப்படி என்று வகுப்பெடுத்தேன்.
7. வகுப்பின் நடுவில் ஒரு அம்மா எழுந்து, சிறுத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

இனி விவரம்.

நான் படித்தது தோல் தொழில்நுட்பம். எங்கள் பக்கத்தில் கணக்கு நன்றாக வரும் பெண்ணுக்கு இரண்டு வழி காட்டுவார்கள்: ஒன்று ஆஸ்பத்திரி, இன்னொன்று தோல். அம்மா நர்ஸ். ஆஸ்பத்திரியை வீட்டிலேயே பார்த்துவிட்டதால் நான் தோலுக்குப் போனேன். ஒரு ஃபினிஷிங் கம்பெனியில் இரண்டு வருஷம் தரப் பரிசோதனை. மேஜைமேல் தோலை விரிப்பேன், விளக்கைச் சாய்ப்பேன், குறை தேடுவேன், சதுர அடி எழுதுவேன், அடுத்த தோல்.

அந்த மேஜைக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னலில் மொட்டைப்பாறை.

ஒவ்வொரு தோலிலும் உண்ணி கடித்த தழும்பு இருக்கும், முள் கிழித்த கோடு இருக்கும். இந்த ஆடு எந்தப் புதருக்குள் புகுந்து இந்தக் கோட்டை வாங்கியது என்று யோசிப்பேன். யோசிக்கச் சம்பளம் கிடையாது. உள்ளே இருந்தது எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை (எங்கள் ஊரில் கேட்கத் தேவையும் இல்லை, பிரியாணிக்குத்தான்). நாளெல்லாம் வெறும் தோலைத் தடவித் தடவி, தோலுக்குள்ளே உயிரோடு நடக்கிற ஏதோ ஒன்றை, யாரும் சதுர அடியில் அளக்க முடியாத ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஏக்கம் பிடித்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டை ஜன்னல் பக்கம் நின்றுகொண்டே சாப்பிடுவேன். அந்த மலையில் ஒன்றாவது இருக்காதா?

வேலையை விட்டேன். வனவிலங்கு உயிரியல் படித்தேன். கணக்கு வாத்தியாரான அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தோலை விட்டுட்டுத் தோலோட நடமாடறதத் தேடிப் போற. டிபார்ட்மென்ட் ஒண்ணுதான். போய்ட்டு வா."

படிப்பு முடிந்ததும் ஒரு ஆய்வுத் திட்டத்தில் இடம் கிடைத்தது. வெயில் வருஷா வருஷம் சீக்கிரமே வந்துவிடுகிறது, சுனைகள் சீக்கிரமே வற்றிவிடுகின்றன. ஜவ்வாது மலைப் பக்கத்து மிருகங்கள் தண்ணீர் தேடி நகர வேண்டியிருக்கிறது. நகர்வதற்கு நடுவில் சின்னச் சின்ன மலைகள் வேண்டும். எந்தெந்த மலை அப்படிப் பயன்படுகிறது என்று பட்டியல் போடுவதுதான் எங்கள் வேலை. பெரிய ஊனுண்ணி ஒன்றாவது பதிவானால் மலை பட்டியலில் நிற்கும். இல்லையென்றால் காமிராவைக் கழற்றிக்கொண்டு அடுத்த மலைக்குப் போக வேண்டியதுதான். பட்டியலில் கடைசிப் பெயர் மொட்டைப்பாறை. கெஞ்சிச் சேர்த்தது நான். எனக்குக் கொடுத்த கெடு ஒரு மழைக்காலம்.

ஐப்பசி மழையில் காமிரா கட்டினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெமரி கார்டை எடுத்து வீட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். ஆடு. ஆடு. ஆடு. காற்றில் ஆடிய புல். ஆடு. கட்சி டி-ஷர்ட் போட்ட ஆடு. (மழைக்காலத்தில் குட்டி போட்ட ஆடு நடுங்கினால் பழைய சட்டை மாட்டுவது எங்கள் பக்கம் சகஜம். தேர்தல் முடிந்த வருஷம் என்றால் ஒரே மந்தையில் எல்லாக் கட்சியும் மேயும்.) ஆடு. முயல். ஆடு. சாக்கு போட்ட ஆடு.

அப்புறம் அது.

மழை மூட்டம். மாலை ஐந்தரைக்கே காமிரா இருட்டிவிட்டது என்று முடிவு செய்து கறுப்பு வெள்ளைக்கு மாறியிருந்தது. உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் ஒரு விலாப்பக்கம் மட்டும். தலை இல்லை, கால் இல்லை, வால் இல்லை. ஆனால் விலா முழுக்கப் பூப்பூவாகப் புள்ளி.

நான் கத்தவில்லை. பொதுவாக நிதானமான பெண் என்று பெயர் எடுத்தவள். எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன், இருந்தது. அப்புறம் அழுதேன். அந்த ஜன்னலில் இரண்டு வருஷம் நின்றதற்கு மலையிலிருந்து பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த கார்டுகளில் இன்னும் இரண்டு இடத்தில் அதே விலா. சிறுத்தைக்குச் சிறுத்தை புள்ளி மாறும், நம் கைரேகை மாதிரி. கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தால் எது எது என்று சொல்லிவிடலாம். ஒப்பிட்டேன். மூன்றும் அச்சு அசலாகப் பொருந்தின. அவ்வளவு பொருத்தம் வரவே வராது. எனக்கு வந்தது. 'எம்-01' என்று பெயர் வைத்தேன்.

இந்த இடத்தில் என் அறிவு எப்படி வேலை செய்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். எம்-01-க்கு இடது விலாவும் வலது விலாவும் ஒரே மாதிரி இருந்தன. அபூர்வம் என்று குறித்துக்கொண்டேன். ஒரே சாயங்காலம், ஒரே நிமிஷத்தில், மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எம்-01 இருந்தது. காமிராக் கடிகாரம் பழுது என்று குறித்துக்கொண்டேன். எம்-01 வந்த படத்துக்கு முந்தின படத்தில் ஆடு, பிந்தின படத்திலும் ஆடு. 'மந்தையைப் பின்தொடரும் வேட்டை நடத்தை' என்று குறித்து, அடிக்கோடும் போட்டேன்.

அந்த அடிக்கோடுதான் ரேஞ்சரைக் கலக்கியது. நல்ல மனிதர். படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, ஆட்டுக்குப் பின்னாடியே வருதா?"

"ஆமா சார். ரொம்ப நெருக்கமா."

"இன்னிக்கு ஆடு. நாளைக்கு ஆடு மேய்க்கிறவங்கன்னா?"

மறுநாளே வாட்சர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள், மறு உத்தரவு வரும்வரை மலைப்பக்கம் ஆடு ஓட்டக் கூடாது என்று. எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் மலை பட்டியலில் நின்றுவிட்டதே. எல்லாரும் பயப்படுகிறார்கள், விளக்கிச் சொன்னால் சரியாகிவிடும் என்று கூட்டம் போடச் சொன்னதும் நான்தான்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினோம். அறுபது பேர் இருப்பார்கள். பத்து நாளாகப் பட்டியில் அடைபட்ட ஆடுகளின் சொந்தக்காரர்கள், அந்தக் கோபத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சிறுத்தை நம் விருந்தாளி, அது வருவது மலை இன்னும் செத்துப்போகவில்லை என்பதற்கு அடையாளம் என்றெல்லாம் பேசினேன். குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. அப்புறம் வேட்டி நிறைய எம்-01-ஐப் போட்டேன்.

இரண்டாவது வரிசையில் எங்கள் அம்மா வயசில் ஒருவர் எழுந்தார். பெயர் மணியம்மா என்று பிறகு தெரிந்தது.

"இன்னா மேடம், எங்க ரோசியப் போட்டுக் காட்றீங்க?"

"யாருங்க ரோசி?"

"ரோசிங்க. எங்க ஆடு. அந்த முடிச்சு பாரு, நான் போட்ட முடிச்சு. பச்சைக் கயிறு."

படம் கறுப்பு வெள்ளை. கயிறு பச்சையா என்று தெரியவில்லை. ஆனால் விலாவின் அடியில், நான் இத்தனை நாளும் புல் என்று நினைத்திருந்த இடத்தில், ஒரு முடிச்சு இருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "மணியக்கா, நீ சிறுத்தையிலயா பால் கறக்கற? சொல்லவே இல்ல!"

"டேய், வாய மூடு. மேடம், வேற படம் கீதா? போடு." போட்டேன். "இது சிட்டு. அடுத்தது?" போட்டேன். "இது மலைக்கு அந்தாண்ட, எங்க நாத்தனா ஆடு. துணி நான்தான் குடுத்தேன். இதுக்கா எங்கள பத்து நாளா பேஜார் பண்ணிக்கினு கீறீங்க?"

ஹால் சிரித்த சிரிப்பில் வேட்டி அவிழ்ந்து விழுந்தது (ஹாலின் வேட்டி). ரேஞ்சர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுதான் தாங்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் மணியம்மா என்னைத் தன் பட்டிக்கே கூட்டிப் போனார். ரோசி, அந்தச் சட்டையோடு, என் துப்பட்டாவை மெல்ல ஆரம்பித்தது. அதன் சட்டை துணி இல்லை, தோல். முடியோடு பதனிட்டு, சிறுத்தைப் புள்ளியை ஸ்க்ரீன் பிரிண்ட் போட்ட கன்றுத் தோல். வெளிநாட்டு லேடீஸ் ஷூவுக்குப் போவது. ஒரே ஸ்க்ரீன், ஒரே புள்ளி, எத்தனை தோலானாலும்.

"எங்க வூட்டுக்காரரு கம்பெனியில லோடிங். ரிஜெக்ட் துண்டு கொண்டாந்தாரு. கீழ விரிச்சிப் படுத்தோம். அப்பறம் பாத்தா மழைக்கு இது நல்லாக் கீது, தண்ணி நிக்கல. குட்டி போட்டதுங்களுக்கு வெட்டி மாட்டிட்டேன்."

எந்தக் கம்பெனி என்று கேட்டேன். சொன்னார். நான் இரண்டு வருஷம் வேலை பார்த்த அதே கம்பெனி. ரோசியின் சட்டையை அவிழ்த்துத் திருப்பிப் பார்த்தேன். உட்பக்கம் மார்க்கர் எழுத்து, மங்கலாக: 'ரிஜெக்ட். நாட் நேச்சுரல்.' கீழே என் சுருக்கொப்பம்.

அந்த லாட் எனக்கு நினைவு வந்தது. புள்ளி திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிறது, பார்த்தாலே அச்சு என்று தெரிகிறது, இயற்கையாக இல்லை என்று மொத்த லாட்டையும் தள்ளினேன். சூப்பர்வைசர், "உனக்கு நெஜச் சிறுத்தையே குடுத்தாலும் ரிஜெக்ட்னு எழுதுவம்மா" என்று திட்டினார். அன்றைக்கும் ஜன்னல் பக்கம்தான் நின்று சாப்பிட்டேன். மேஜையில் அரை நொடியில் கண்டுபிடித்ததை, ஆசைப்பட்ட பிறகு ஒரு மாதம் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். மணியம்மா சட்டையை வாங்கி மறுபடி ரோசிக்குக் கட்டினார்.

"ஏன் கண்ணு, நெஜமா ஒண்ணு இருந்தா நல்லாவா இருந்திருக்கும்?"

"நல்லா இருந்திருக்கும்மா."

"அது ரோசியத் தின்னுடுமே."

"ஆமா."

"அப்பறமும் ஆசப்படறியா?"

ரோசி துப்பட்டாவில் ஒரு மூலையை முடித்திருந்தது. மணியம்மா மலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போ, போய்ச் சாப்புடு. மூஞ்சியே சரியில்ல" என்றார்.

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அப்பா கடைசிவரை கேட்டுவிட்டு, "கணக்குப்படி உன் கம்ப்யூட்டர் சரிதான். மூணும் ஒண்ணுதானே?" என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து மட்டன் பரிமாறும்போதெல்லாம், ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதற்கு முன் அம்மாவிடம் கேட்பார்: "இது ஆடுதானா, எம்-01-ஆ?" பெண் பார்க்க வந்தவர்களுக்கும் இந்தக் கதை சொல்லப்பட்டது. மாப்பிள்ளை சிரித்தார். அவர் அம்மா சிரிக்கவில்லை. அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. எனக்கு வருத்தமில்லை.

இப்போதைய நிலை இது. ஆடுகள் மறுநாளே மலையேறிவிட்டன. மொட்டைப்பாறை பட்டியலில் இல்லை. திட்டத்தின் ஒன்பது காமிராக்களையும் நானே கழற்றிக் கொடுத்தேன். மலையில் இப்போது ஒரே ஒரு காமிரா இருக்கிறது, அது என் சம்பளத்தில் வாங்கியது. முயல், முள்ளம்பன்றி, மரநாய், ஒரே ஒருமுறை நரி. மழை பிடித்தால் மணியம்மா போன் செய்து, "கண்ணு, ரோசிக்குச் சட்ட போடறேன், எழுதிக்க" என்கிறார். எழுதிக்கொள்கிறேன். போனை வைப்பதற்கு முன் நான் கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறார்: "மலைப்பக்கம் பாத்துக்கினுதான் கீறேன். இன்னிக்கும் வரல."

அதையும் எழுதிக்கொள்கிறேன்.