மறையூரில் நான் கை நனைத்த விதம்

திருந்தாதவனோடு குடும்பம் நடத்திவிடலாம். சாப்பாட்டில் புதிதாகத் திருந்தியவனோடு நடத்தவே முடியாது. இதைச் சொன்னவள் என் மனைவி. (இவ்வளவு மரியாதையாகச் சொல்லவில்லை.) சர்க்கரை வியாதி வந்து நான் திருந்திய முதல் ஆறு மாதத்தில் செய்த அலும்பை நினைத்தால், என்னை நானே பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போல இன்றைக்கும் தோன்றும்.

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. ஐம்பத்து மூன்று வயது வரை எனக்குச் சாப்பாட்டில் ஒரே சட்டம்தான்: இலையில் விழுந்ததை விடக்கூடாது. சோற்றைக் குவித்துக் குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று இறங்குவேன். பொரியல் ஓரமாகக் கிடந்து என்னை வேடிக்கை பார்க்கும். அப்புறம் பாதம் மரத்துப் போக ஆரம்பித்தது. பாலக்காட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, உணவு முறை சொல்லித் தரும் அம்மாவிடம் அனுப்பிவைத்தார்.

அந்த அம்மா மலையாளத்தில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சேட்டா, ஆத்யம் பச்சக்கறி. பின்னே முட்டை, பருப்பு, மீன். ஏற்றவும் ஒடுவில் சோறு. பதுக்கெ கழிக்கணும்." அதாவது முதலில் காய், பிறகு முட்டை, பருப்பு, மீன், கடைசியில்தான் சோறு, அதுவும் மெதுவாக. வயிற்றில் காய் முதலில் போய் உட்கார்ந்துகொண்டால், பின்னால் வரும் சோறு சர்க்கரையைத் தடாலென்று ஏற்றாதாம். கூடவே இரண்டு எச்சரிக்கை: மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும்; சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வந்தால் வாயில் போட, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் இருக்க வேண்டும்.

காய் முதலில் என்பதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். எச்சரிக்கைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மூன்று மாதத்தில் சர்க்கரை நன்றாக இறங்கியதும் தலைக்கனம் அதே அளவுக்கு ஏறியது. கல்யாண வீட்டுப் பந்தியில் அவியலை மூன்று தடவை வாங்கித் தின்றுவிட்டு, பக்கத்து இலைக்காரரிடம் "ஏனுங்க, சோத்த இப்பவே தொடாதீங்க" என்று புத்தி சொல்வேன். பரிமாறுகிறவர்கள் என்னைக் கண்டால் வேறு வரிசைக்குப் போய்விடுவார்கள்.

இந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் மகள் பிருந்தாவுக்கு, மலை மேல் இருக்கும் மறையூரிலிருந்து வரன் வந்தது. கரும்புக்காடும் சொந்தமாக வெல்ல ஆலையும் உள்ள குடும்பம். பையன் பிரபு படித்துவிட்டு அதையே பார்த்துக்கொள்கிறான். முதலில் ஆண்கள் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வருவது என்று பேச்சு.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசப் போன வீட்டில் சோறோ பலகாரமோ தின்றால் அதைக் கை நனைத்தல் என்போம். கை நனைத்தால் சம்மதம். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொன்னால் ஏழு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. முந்தின வருஷம் கொல்லங்கோட்டில் ஒரு வீட்டில், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நான் ஒரு தட்டு பஜ்ஜியை யோசனையில்லாமல் காலி செய்துவிட்டேன். அந்தச் சம்பந்தத்திலிருந்து வெளியே வர என் மனைவி பட்ட பாடு கொஞ்சமல்ல.

அதனால் கிளம்புவதற்கு முந்தின நாளே பிருந்தா என்னை உட்கார வைத்து வாக்கு வாங்கினாள்.

"அப்பா, நான் அவருகிட்ட நேருல பேசோணும். பேசிப் புடிச்சுதுன்னா நானே சொல்றேன். அது வரைக்கும் அந்த ஊட்டுல நீங்க கை நனைக்கக் கூடாது."

"காப்பி குடிக்கலாமா கண்ணு?"

"காப்பியும் கூடாது. காப்பி வந்தா பின்னாடியே முறுக்கு வரும். உங்களப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. வாழப்போகிறவள் அவள், கேட்டது நியாயம். சத்தியம் செய்து கொடுத்தேன்.

மறுநாள் காலையில் மச்சினன் துரைசாமியின் காரில் கிளம்பினோம். அவன் பிருந்தாவின் தாய்மாமன். அவன் இல்லாமல் எதுவும் நடக்காது. வழியெல்லாம் ஒரே பாட்டு: "மச்சான், சக்கர வியாதின்னு அங்க மூச்சு உட்டறாதீங்க. அப்பனுக்கு இருந்தா புள்ளைக்கும் வருமின்னு பேசுவாங்க. புரோக்கரே சொல்லிப்போட்டாரு." சரியென்று தலையாட்டினேன். என் மனைவி பையில் வைத்துவிட்ட இரண்டு மிட்டாய்களையும் எடுத்து வண்டியின் முன்பலகையில் வைத்தேன். புதுச் சட்டை, பை புடைத்துக்கொண்டு தெரிந்தது. போதாக்குறைக்கு, வெல்லம் காய்ச்சுகிற வீட்டுக்கு மிட்டாயோடு போவது எனக்கே அசிங்கமாக இருந்தது.

உடுமலையில் டிபனுக்கு நிறுத்தினோம். அங்கேயும் என் வேதத்தைக் கைவிடவில்லை. வெள்ளரிக்காய் நறுக்கி வரச் சொன்னேன். (அந்த ஓட்டலில் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது, முதலாளி எழுந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.) அதை மென்று, பிறகு இரண்டு முட்டையை மென்று, இட்லிக்குக் கை நீட்டும்போது துரைசாமி நாலு இட்லி, ஒரு ரோஸ்ட்டை முடித்துவிட்டு வண்டியில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு இட்லியோடு எழுந்தேன். அப்போதும் எனக்குப் பெருமைதான்.

மறையூரில் அருமையான வரவேற்பு. வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். பின்னால் ஆலைக்கொட்டாயிலிருந்து பாகு கொதிக்கிற வாசம் வந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா கரும்பைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தாத மனிதர். காப்பி வந்தது, மறுத்தேன். இளநீர் வந்தது, அதையும் மறுத்தேன். பன்னிரண்டரைக்குப் பேச்சு முடிகிற மாதிரி இருந்தது. ஒரு மணிக்குக் கடைவீதியில் சாப்பிட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுக் குழாயடிக்குப் போய் யாருக்கும் தெரியாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து போன் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்த ஜீப் காந்தளூர் ரோட்டில் நின்றுவிட்டதாம். அவரைப் பார்க்காமல் கிளம்பினால் மரியாதை இல்லை. துரைசாமி உடனே, "நான் போய்க் கூட்டியாந்தர்றேனுங்க" என்று காரை எடுத்துக்கொண்டு பறந்தான். கார் போயிற்று. மிட்டாயும் போயிற்று.

ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. அந்தக் குளிரிலும் எனக்கு முதுகு நனைந்தது. விரல் நடுங்கியது, அதை மறைக்கத் துண்டைப் பிசைந்தேன். மாப்பிள்ளையின் அப்பா இரண்டு பேராகத் தெரிய ஆரம்பித்தார், இரண்டு பேரும் கரும்பைப் பற்றியே பேசினார்கள். வாயைத் திறந்து சொல்லலாம் என்றால் துரைசாமி சொன்னது ஞாபகம் வந்தது. எதையாவது வாங்கித் தின்னலாம் என்றால் பிருந்தாவின் முகம் வந்து நின்றது. இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

"சித்த இருங்க, கால் கழுவிட்டு வந்தர்றேன்" என்று எழுந்து பின்பக்கம் நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

ஆலைக்கொட்டாயில் ஆளில்லை, எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பாயில் வரிசையாக வெல்ல உருண்டைகள், இன்னும் வெதுவெதுப்பாக. அந்த நிலைமையிலும் என் கண், வெல்லத்துக்கு முன்னால் தின்ன ஒரு காய் கிடைக்குமா என்று தேடியது. சத்தியமாகத் தேடியது! அப்புறம் ஒரு உருண்டையை எடுத்து அப்படியே வாயில் அடைத்தேன். மகளே, மன்னித்துக்கொள் என்று நினைத்தபடியே இரண்டாவதை எடுத்தேன்.

"ஏனுங்க, சம்பந்தி!"

திரும்பினால் மாப்பிள்ளையின் அப்பா. என் வாய் நிறைய வெல்லம், தாடையில் பிசுக்கு, கையில் பாதி உருண்டை. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கை நனைச்சுப்போட்டாருங்கோ! சம்பந்தி கை நனைச்சுப்போட்டாரு! இலையப் போடுங்க!" என்று முற்றத்துக்குக் கேட்கக் கூவினார். பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கால் இரண்டும் மடங்கிச் சாக்குக் குவியலில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஓடி வந்தவன் பிரபு. என் கையைத் தொட்டான், நெற்றியைப் பார்த்தான். "மாமா, உங்களுக்குச் சக்கர இருக்குதுங்களா? மாத்தர போட்டீங்களா? எத்தன மணிக்கு?"

மூச்சு விடக்கூடாது என்று சொன்ன விஷயத்தை மூன்று கேள்வியில் கண்டுபிடித்துவிட்டான். தலையாட்டினேன். கையிலிருந்த மீதியையும் தின்ன வைத்து, தண்ணீர் கொடுத்து, நடுக்கம் நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்: "இந்த வெல்லம் கொஞ்ச நேரந்தாங்க தாங்கும். மறுபடி எறங்கிப்போடும். நீங்க இப்ப சோறு சாப்பிட்டே ஆவோணும்."

ஆக, பத்துப் பேர் பார்க்க, எந்த வீட்டில் காப்பிகூடக் குடிக்கமாட்டேன் என்று இருந்தேனோ அந்த வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தேன். பழக்க தோஷம், கை நேராக பீன்ஸ் பொரியலுக்குப் போயிற்று. "ஏனுங்க, இன்னைக்கு மொதல்ல சோத்தத் தின்னுங்க! காய பொறவு பாத்துக்கலாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா அதட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் தெனமும் காய மொதல்ல திங்கறவதானுங்க. எனக்கும் சக்கர இருக்குது. உங்ககிட்ட மூச்சு உடாதீங்கன்னு புரோக்கரு சொல்லிப்போட்டாருங்க" என்றார். இரண்டு வீட்டாரின் வாயையும் ஒரே மனிதர் தைத்து வைத்திருக்கிறார்!

நானும் அவரும் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா, "பொறகென்ன, கை நனைச்சாச்சு. நாள் பாத்தறலாம்" என்றார். பிருந்தாவுக்கு என்ன பதில் சொல்வேன்? பெற்ற பெண் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் தின்று தீர்த்துவிட்டேனே என்று கண் கலங்கிவிட்டது.

பிரபுதான் பேசினான். "அப்பா, மருந்துக்குச் சாப்பிட்டது கை நனைச்சதுல சேராதுங்க. மாமா மயங்கி உழுந்திருப்பாரு, அதுக்காவ சாப்பிட்டாரு. அவிய புள்ள என்ன சொல்லுதோ அதுதான் பேச்சு. வேண்டாமின்னு சொன்னாலும் நமக்கு வருத்தமில்லீங்க."

அவன் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மா, "அவன் சொல்றது சரிதானுங்க" என்று ரசத்தை ஊற்றிப் பேச்சை முடித்துவைத்தார். அந்த நேரத்தில்தான் துரைசாமி மாப்பிள்ளையின் தாய்மாமனோடு உள்ளே வந்தான். இலை முன்னால் நான் ரசம் சோறு பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். "மச்சான், ஒரு மணி நேரம் உட்டுட்டுப் போனேன். ஒரு மணி நேரம்!" என்று அவன் தலையிலடித்துக்கொண்டதை இன்றும் நடித்துக் காட்டுவார்கள்.

வீட்டுக்கு வந்து, கை நனைத்துவிட்டதை மட்டும் பிருந்தாவிடம் நானே சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தேவலை. "செரிங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. நானே காயை எடுத்து, நானே சோறு போட்டு, யாருக்கும் புத்தி சொல்லாமல் தின்றேன். மூன்றாம் நாள் துரைசாமி வந்தவன், மறையூரில் நடந்ததை, தான் வருவதற்கு முன்னால் பிரபு பேசியதாக அங்கே கேள்விப்பட்டது உட்பட ஒன்று விடாமல் ஒப்பித்தான்.

"அப்படியா சொன்னாரு?" என்றாள் பிருந்தா.

"ஆமா அம்மிணி. பத்துப் பேருக்கு முன்னால."

"வேண்டாமின்னாலும் வருத்தமில்லேன்னா?"

"அட, ஆமாங்கறேன்!"

அன்று சாயங்காலம் பிரபுவின் நம்பரை என்னிடம் அவளே கேட்டு வாங்கினாள். பொள்ளாச்சியில் இரண்டு தடவை நேரில் பார்த்துப் பேசினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் என் தட்டில் கொள்ளுச் சுண்டலைப் போட்டுவிட்டு, "எனக்குச் சம்மதமுங்கப்பா. இனி அங்க போனா நீங்க முறுக்கும் திங்கலாம்" என்றாள். கல்யாணத்துக்கு அப்புறம் ஒருமுறை கேட்டேன், எதைப் பார்த்து அவனைப் பிடித்தது என்று. "வேண்டாமின்னு சொல்ல எனக்கு எடம் உட்டாருங்கப்பா. நீங்கதான் உடலீங்க" என்றாள். சரியான அடி. வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான் சட்டைப் பையில் மிட்டாய் இல்லாமல் தோப்புக்குக்கூடப் போவதில்லை. ஆனால் ஊருக்குள் என் பெயர் மாறிவிட்டது. யார் வீட்டிலாவது சம்பந்தம் இழுத்துக்கொண்டே போனால் எனக்கு போன் வந்துவிடும். போன வாரம், பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து ஒரு ஒன்றுவிட்ட தம்பி கூப்பிட்டான். "அண்ணா, ஞாயித்துக்கெழம சும்மா இருக்கீங்களா? பொண்ணு ஊட்டுல புடி குடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டீங்கன்னா முடிஞ்சுரும்."

வீட்டுக்கு வந்திருந்த பிருந்தா பக்கத்திலிருந்து இதைக் கேட்டுவிட்டு, போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"சித்தப்பா, அந்தப் புள்ளைகிட்டக் கேட்டீங்களா? மொதல்ல அதக் கேளுங்க. அது சரின்னு சொல்லட்டும், எங்கப்பாவ நானே பசியோட அனுப்பிவெக்கறேன்."