கண்ணின் நிறம் பாராத குதிரைக் கண்காட்சி

நெருப்பு, சக்கரம், பூஜ்யம் ஆகிய மூன்றையும் கண்டுபிடித்த களைப்பில் மனித குலம் சற்றே அசந்து உட்கார்ந்துவிட்டது. அதைத் தட்டி எழுப்பிய பெருமை பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனைச் சேரும். கண்காட்சிக்கு வரும் குதிரையின் கண் என்ன நிறம் என்று பார்க்காமலே அதற்கு மதிப்பெண் போடவேண்டும் என ஒருமனதாகத் தீர்மானித்த உலகின் முதல் அமைப்பு, கிழக்கு பெங்களூரு அசுவ அபிமானிகள் சங்கம்தான். இதற்கு முன் வேறெங்காவது இப்படித் தீர்மானித்திருக்கிறார்களா என்று சங்கம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ‘உலகின் முதல்’ என்று பேனர் அடிக்க முடியாமல் போய்விடும் அல்லவா?

சங்கத்தில் அபிமானிகள் நிறைய, குதிரைகள் குறைவு. செயற்குழுவில் சொந்தமாகக் குதிரை வைத்திருப்பவர் தலைவர் ரெமிஜியஸ் ஒருவர்தான். துணைவிதிகளைக் கவனிக்கும் மல்லேஸ்வரம் சுந்தரமூர்த்தி, தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவர். ஊட்டிக்குத் தேனிலவு போனபோது குதிரைமேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்ட அனுபவம் உடையவர். செயலாளர் ஆம்ப்ரோஸ், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்றவர். அவரிடம் முழங்கையில் தோல் வைத்துத் தைத்த ட்வீட் கோட் ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் பால் வாங்கப் போனால்கூட இப்போதுதான் குதிரையிலிருந்து இறங்கியவர் போலத் தோன்றுவார். அந்தக் கோட்டைத்தான் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள்; ஆம்ப்ரோஸ் அதற்குள் இருந்தார், அவ்வளவே.

உண்மையில் அந்த வீட்டில் குதிரை தெரிந்தவள் அவர் மகள் லீனா. எலெக்ட்ரானிக் சிட்டியில் கை நிறையச் சம்பளம் தந்த வேலையை விட்டுவிட்டு, ஹென்னூர் தாண்டி ஒரு காலி மனையில் குதிரையேற்ற வகுப்பு நடத்துகிறாள். இந்த அவமானத்தை அவள் அம்மா அல்போன்சா சொந்தக்காரர்களிடம், “லீனா இப்ப ஸ்டார்ட்-அப் பண்றா” என்று மொழிபெயர்த்துச் சொல்லிவந்தாள். வகுப்பின் மூலதனம் இரண்டு மட்டக்குதிரைகளும் சிந்தாமணியும். சிந்தாமணி என்ற ஊரில் வாங்கியதால் பெண் குதிரைக்கு அதுவே பேர். நல்ல நடை, நல்ல குணம். ஒரே குறை: வலது கண் டிகாக்ஷன் நிறம், இடது கண் துவைத்துக் காயப்போட்ட ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி நீலம்.

போன வருஷக் கண்காட்சியில் தலைவர் ரெமிஜியஸ் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, “என்னா மேன், ஒரு கண்ணு வீட்டுக்காரன பாக்குது, ஒரு கண்ணு வாடகைக்காரன பாக்குது?” என்றார். சிரித்தவர்களில் நடுவரும் ஒருவர். ‘கண்’ என்ற தலைப்பில் சிந்தாமணிக்கு முட்டை விழுந்தது. அடுத்த வாரமே நாலு பெற்றோர் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் ரெமிஜியஸுக்கே நீலப் பூனைக் கண். கொள்ளுத் தாத்தா ஓர் ஐரிஷ் சார்ஜென்ட் என்பது அவர் கட்சி. எந்த ரெஜிமென்ட் என்று கேட்டால் ஈஸ்டருக்கு ஒன்று சொல்வார், கிறிஸ்துமஸுக்கு ஒன்று சொல்வார். கன்டோன்மென்ட் பக்கம் அந்தக் கண்ணுக்கு உள்ள மதிப்பு வைரத்தோட்டுக்குக்கூட இல்லை. லீனா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் தூங்குகிற குழந்தையின் இமையைத் தூக்கி, கண் கறுப்புதான் என்று பார்த்துவிட்டு, “பரவால்ல, ஆரோக்கியமா இருந்தா போதும்” என்று அல்போன்சாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனவர்கள்தான்.

ஆக, மனிதனுக்கு இருந்தால் வம்சம், குதிரைக்கு இருந்தால் ஊனம். இந்த நியாயத்தில் ஓட்டை இருப்பதாக ஆம்ப்ரோஸுக்குப் பட்டது. ஆனால் லீனாவின் வகுப்பு நடக்கும் மனை ரெமிஜியஸுடையது. ஓட்டையைச் சுட்டிக்காட்டுவதற்கு அது உகந்த நிலைமை அல்ல.

அப்படியிருக்க, இந்த வருஷச் செயற்குழுவில் ரெமிஜியஸே எழுந்து நின்றார்.

“கண்ணு நெறம் பாத்து மார்க் போடறது பாவம். எல்லாம் ஆண்டவர் குடுத்த கண்ணு. இனிமே நம்ம ஷோல அது கூடாது.”

ஆம்ப்ரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “போன வருஷம் நீங்கதானே, பிரசிடெண்ட்...”

“போன வருஷம் வேற, இந்த வருஷம் வேற மேன். மனுஷன் வளர வேணாமா?”

முந்தின சனிக்கிழமைதான் ஓசூர்ப் பக்கத் தரகர் ஒருவர் ரெமிஜியஸுக்கு ‘ராயல் டப்ளின்’ என்ற வெள்ளைக் குதிரையை விற்றிருந்தார். இரண்டு கண்ணும் நீலம். “ஐரிஷ் ரத்தம் சார், உங்க கண்ணே மாதிரி” என்று தரகர் சொன்னாராம். அதற்கும் தலைவரின் மனமாற்றத்துக்கும் முடிச்சுப் போடுபவர்கள் பொறாமைக்காரர்கள். குதிரை வந்தது சனிக்கிழமை. மனம் மாறியது ஞாயிற்றுக்கிழமை பூசையில். நடுவில் முழுசாக ஒரு ராத்திரி இருந்தது.

தீர்மானம் நிறைவேறியது. உடனே சுந்தரமூர்த்தி தொண்டையைச் செருமி, கன்னடம் கலந்த தம் தமிழில் ஆரம்பித்தார்.

“நிறத்த கணக்குல எடுத்துக்கக் கூடாது, சரி. எந்த நிறத்த எடுத்துக்கலைன்னு ரெக்கார்டு வேணுமே? சும்னே வாயால சொன்னா ஆடிட்ல நிக்காது.”

எனவே விண்ணப்பத்தில் ‘கண்ணின் நிறம்’ என்று ஒரு கட்டமும், ‘தாயின் கண்ணின் நிறம்’ என்று ஒரு கட்டமும், ‘மேற்படி நிறம் பரிசீலிக்கப்படமாட்டாது என்று அறிவேன்’ என்று ஓர் உறுதிமொழியும் சேர்க்கப்பட்டன.

“எழுதிட்டோம். ஆனா நடுவர் நேர்ல பாத்துடுவாரே?” என்றார் ஆம்ப்ரோஸ்.

“அவர் கண்ண கட்டிடலாமா?” என்றார் ரெமிஜியஸ்.

“அப்புறம் எப்படி சார் மார்க் போடுவார்?”

“அப்ப குதிரை கண்ண கட்டு.”

தலைவர் அதை எரிச்சலில்தான் சொன்னார். ஆனால் அதற்குள் யாரோ கை தட்டிவிட்டார்கள். உலகின் பெரிய முடிவுகள் பலவும் இப்படித்தான் எடுக்கப்பட்டிருக்கும் என்று நாம் நம்ப இடமிருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் ரெமிஜியஸ் ஆம்ப்ரோஸின் தோளில் கை போட்டார். “உன் பொண்ணுக்காகத்தான் இதெல்லாம். ஆனா ஒண்ணு. அந்த எடத்த பிக்கிள்பால் கோர்ட்டுக்குக் கேக்கறாங்க. ஐடி பசங்க ஆடற புது பந்தாட்டம். ரிப்பன் வாங்கற குதிரை நின்னா அது ரைடிங் ஸ்கூல். இல்லன்னா அது மாட்டுக் கொட்டா மேன். நானும் எத்தன நாள் பாக்கறது?”

கண்ணுக்குப் போடும் உறையை ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு எடுத்துவந்து காட்டியபோது லீனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கருநீலச் சாட்டின். நெற்றியில் சங்கத்தின் முத்திரை, இரண்டு கன்னத்திலும் விளம்பரதாரரின் பேர்.

“டாடி, ஈ உக்காராம போடற மாஸ்க் வலைல செய்வாங்க. உள்ளேந்து வெளிய தெரியும். இது தலகாணி உறை.”

“வலைல நெறம் தெரியுதும்மா. சப்-கமிட்டி செக் பண்ணுச்சு.”

“சரி, குதிரைக்கு எப்படி வழி தெரியும்?”

“அது சப்-கமிட்டிக்கு ரெஃபர் பண்ணலம்மா.”

“டாடி!”

“கத்தாதடி,” என்றாள் அல்போன்சா, சமையலறையிலிருந்து. “ரோஸ் கலர்ல இருந்தா நம்ம சிந்தாமணிக்கு எடுப்பா இருக்கும். கேட்டுப் பாருங்க.”

கண்காட்சி நாள் அன்று மைதானத்தில் ஷாமியானா போட்டு, பேண்டு வைத்து, தண்ணீர் பாட்டிலில்கூடத் தீர்மானத்தை அச்சடித்திருந்தார்கள். மைசூரிலிருந்து வந்த நடுவர், வட்டத்தைச் சுற்றிக் குதிரைகளை நடத்திக் காட்டச் சொன்னார். வழக்கம்போல லகானைப் பிடித்து உடையவரே கூட நடக்கவேண்டும்.

முதல் குதிரை, உறை மாட்டியதும் நின்றது. நின்றது என்றால், பிரதிஷ்டை செய்த சிலையாகவே நின்றது. இரண்டாவது குதிரை பின்பக்கமாகவே நடந்து பேண்டு வாத்தியக் குழுவுக்குள் போனது. டிரம்பட்காரர் டிரம்பட்டைப் போட்டுவிட்டு ஓடினார். மூன்றாவது, எல்லோர் முன்னிலையிலும் படுத்துக்கொண்டது. “சுயகட்டுப்பாடு போதாது” என்று சுந்தரமூர்த்தி குறித்துக்கொண்டார்.

சிந்தாமணியின் முறை வந்தது. ஷாமியானாவில் ஆம்ப்ரோஸ் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். லீனா பேசப் பேச, சிந்தாமணி அவள் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு சில அடி வைத்தது. பிறகு ஒரு பட்டாசு வெடித்தது. தலைவரின் உத்தரவு, மங்களகரமாக இருக்கட்டும் என்று. சிந்தாமணிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கழுத்து வியர்த்துக் கறுத்தது. லீனா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. உறையைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். சிந்தாமணி ஒரு கண் பழுப்பாக, ஒரு கண் நீலமாக, அவளைப் பார்த்து மூச்சு விட்டது.

ஷாமியானா முழுவதும் கண்ணைப் பொத்திக்கொண்டது.

“நிறத்தைப் பகிரங்கப்படுத்திய குற்றம்,” என்று சுந்தரமூர்த்தி மைக்கில் அறிவித்தார். “சிந்தாமணி நீக்கப்படுகிறது.”

பிறகு வந்தது ராயல் டப்ளின்.

அடடா, அதை என்னவென்று சொல்வது! அதே உறை, அதே பட்டாசு, அதே கூச்சல். ரெமிஜியஸ் தொப்பியும் பூட்ஸுமாக முன்னால் நடக்க, டப்ளின் தலையைச் சற்றே தாழ்த்தி, காலை அளந்து அளந்து வைத்து, பிஷப் பவனி வருவதுபோல வட்டத்தைச் சுற்றி வந்தது. ஒரு தயக்கம் இல்லை, ஒரு திமிறல் இல்லை. “என் ஆயுசுல இப்படி ஒரு நிதானத்தப் பாத்ததில்ல,” என்றார் நடுவர். “ஐரிஷ்,” என்றார் ரெமிஜியஸ், அடக்கமாக.

முதல் பரிசு. கோப்பையை மேஜைமேல் வைத்து, போட்டோவுக்காக உறையைக் கழற்றினார்கள். தலைவரும் குதிரையும் நீலக் கண்ணோடு அருகருகே நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு.

ஆம்ப்ரோஸ் அந்தக் கண்களைப் பார்த்தார். அது நீலம் இல்லை. பாலில் ஒரு சொட்டு மை விட்டதுபோல ஒரு மங்கல். போன வருஷம் கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் தினமும் காலையில் சவரக் கண்ணாடியில் அவர் பார்த்த அதே மங்கல்.

டப்ளின் ஓர் அடி முன்னால் வைத்தது. மேஜை சாய்ந்தது, கோப்பை உருண்டது. குதிரை அதே நிதானத்தோடு நின்றது. லீனா கிட்டே வந்து அதன் முகத்துக்கு நேராகக் கையை வேகமாக வீசினாள். இமை அசையவில்லை. மறுபக்கம் போய் வீசினாள். அசையவில்லை.

“டாடி, இதுக்குக் கண்ணே தெரியல.” பேண்டு ஓய்ந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. “ரெண்டு கண்ணும் போயிருக்கு. உங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி இப்படித்தானே இருந்துச்சு? பாருங்க டாடி!”

ரெமிஜியஸ் குதிரையைப் பார்க்கவில்லை. ஆம்ப்ரோஸைப் பார்த்தார். பக்கத்தில் வந்து, போட்டோவுக்குச் சிரித்த அதே சிரிப்போடு தாழ்ந்த குரலில் கேட்டார்:

“பிக்கிள்பால்காரங்க நாளைக்கு வர்றாங்க மேன். வரச் சொல்லட்டா, வேணாமா?” பிறகு உரக்க: “செக்ரட்டரி சொல்லட்டும். ரூல் என்ன?”

ஆம்ப்ரோஸ் மகளைப் பார்த்தார். சிந்தாமணியைப் பார்த்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். மைக் அவர் கைக்கு வந்தது.

“விதிகளின்படி,” என்றார், “கண்ணின் நிறம் பரிசீலிக்கப்படக் கூடாது. கண் தெரியவேண்டும் என்று விதி எதுவும் இல்லை.”

“பார்வைன்னு ஒரு ஹெட்டிங்கே மார்க் ஷீட்ல கிடையாது,” என்று சுந்தரமூர்த்தி உறுதி செய்தார். நடுவர் தம் பேனாவை மூடினார். முதலில் ஒருவர் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பெருந்தன்மை பொங்கிய தலைவர் அங்கேயே, சிந்தாமணிக்கு ‘துணிவுக்கான சிறப்பு ரிப்பன்’ ஒன்றையும், வகுப்புக்கு இன்னொரு வருஷத்தையும் அறிவித்தார்.

லீனா ரிப்பனை வாங்க வரவில்லை. சிந்தாமணியோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அல்போன்சா போய் வாங்கிக்கொண்டாள். யாராவது வாங்கத்தானே வேண்டும்?

மறுநாள் லாவண்யா என்ற அம்மா, மகளை வகுப்பில் திரும்பச் சேர்க்க வந்தாள். டப்ளினும் அங்கேதான் நின்றது. பரிசு வாங்கிய பிறகு ரெமிஜியஸுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, லீனாவிடம் தள்ளிவிட்டிருந்தார்.

“என் பொண்ண அந்த சாம்பியன் மேல ஏத்துங்க மேம்.”

“அதுக்குக் கண்ணு தெரியாதுங்க.”

“பரவால்ல மேம். போட்டோல ப்ளூவாதானே வரும்?”

லீனா எழுந்துபோய் குதிரைக்குத் தண்ணீர் வைத்தாள். அப்பாவிடமும் இன்றுவரை அப்படித்தான். அவர் பேச ஆரம்பித்தால் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். ஆம்ப்ரோஸ் திண்டாடிக்கொண்டே சங்கத்தின் ஆண்டறிக்கையை எழுதி முடித்தார். அதன் கடைசி வரி: ‘இவ்வாண்டுக் கண்காட்சி, கண்ணின் நிறத்தைச் சிறிதும் பாராமல் சிறப்புற நடந்தேறியது.’

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று எந்தக் கோயில் முன்னாலும் நாம் சத்தியம் செய்யலாம். அன்று அந்த மைதானத்தில் யாருடைய கண்ணின் நிறத்தையும் பாராமல் நடந்துகொண்ட ஜீவன் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் பெயர் ராயல் டப்ளின்.

மற்ற எல்லோருக்கும் கண் நன்றாகவே தெரிந்தது.