கீழறைக் காற்று விஷயமாகச் சம்பந்திக்கு எழுதுவது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் என் மூன்று மாதப் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த வரியில் 'இங்கு நான் நலம்' என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதும் தகுதி இந்த வீட்டில் யாருக்கும் இல்லை என்று தங்கள் மகள் சொல்லிவிட்டுப் போயிருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

தங்கள் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கு வந்து இன்றோடு பதினெட்டு நாட்கள். என் மகனும் வேலை முடிந்து நேரே அங்கேதான் வருகிறான் என்று அறிகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்ன சார், வீட்ல ஏதாவது சண்டையா?" என்று கேட்டார். "சண்டையெல்லாம் இல்லைங்க, தரையிலேருந்து ஒரு வாயு வருதாம்" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "சார், கேக்கறவங்ககிட்ட சண்டைன்னே சொல்லுங்க. இல்லாட்டி நம்ம தெருவுல ஒரு வீடும் விலை போகாது" என்றார். ஆக, என் குடும்பத்தில் சண்டை என்பது இப்போது தெருவின் அதிகாரபூர்வமான நிலைப்பாடு.

எங்கள் தெரு பாறைச் சரிவில் இருப்பது தங்களுக்குத் தெரியும். ஊர்க் குழாய்த் தண்ணீர் இந்த மேட்டுக்கு ஏறாது, அதனால் முந்நூறு அடிக்கு போர் போட்டிருக்கிறோம். தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, முப்பத்தொரு வருஷம் ஊர் தண்ணீர் நிலையத்தில் குளோரின் கலந்தவன் நான். அப்படிப்பட்ட என் வீட்டில், பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருக்கும் தங்கள் மகள், சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை யாரிடமோ இரவல் வாங்கிவந்து, அவளும் என் மகனும் படுக்கும் கீழறையில் வைத்தாள். பாதி தரைக்குள் இறங்கியிருக்கும் அறை, வெயில் காலத்தில் மின்விசிறியே வேண்டாம், அவ்வளவு குளிர்ச்சி என்று நான்தான் அவர்களுக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பெட்டி எண்ணூற்று நாற்பது என்று காட்டியது.

"எதுல எண்ணூத்தி நாப்பது?" என்றேன்.

"ரேடான், மாமா. பாறையிலேருந்து வர்ற கதிர்வீச்சு வாயு. தரை விரிசல் வழியா ஏறும், போர் தண்ணியிலயும் கரைஞ்சு வரும். நூறுக்குள்ள இருக்கணும், முந்நூறைத் தாண்டவே கூடாது. வருஷக்கணக்கா மூச்சுல போனா நுரையீரல்ல புத்துநோய் வரலாம்."

"வாசனை?"

"கிடையாது."

"நிறம்?"

"கிடையாது."

"அப்போ இருக்குன்னு யார் சொன்னா?"

பெட்டியைக் காட்டினாள். "இதுக்கு யார் சொன்னா?" என்று கேட்டேன். குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று போய்விட்டாள். பதில் தெரியாதவர்கள் எல்லாரும் அப்படித்தான் போவார்கள்.

இருந்தாலும் நான் சும்மா இருக்கவில்லை சம்பந்தி. முதலில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவரைக் கூப்பிட்டேன். கழுத்தில் டை கட்டியிருந்தார். "இது ரேடானை எடுக்குமா?" என்று கேட்டதற்கு, "சார், இதுல ஏழு கட்டம் இருக்கு, ஏதாவது ஒரு கட்டத்துல மாட்டிக்கும்" என்றார். சமையலறையில் மாட்டினோம். உங்க பொண்ணு பார்த்துட்டு, "மாமா, குடிக்கிறது மட்டும் இல்ல, குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அது தண்ணியிலேருந்து வெளியே வந்து வீட்டுக் காத்துல கலந்துடும்"னா. சரி, காத்துதானே பிரச்சினை, காத்து வர்ற வழியை அடைச்சிடலாம்னு கொத்தனாரைக் கூப்பிட்டேன். எங்கே அடைக்கணும்னு நான் சொல்லலை, அவரும் கேக்கலை. கீழறையோட ஒரே ஜன்னலையும் அதுக்கு மேல இருந்த காத்துத் துவாரத்தையும் சிமெண்ட் வெச்சு அழகா பூசிட்டுப் போனார். "நல்லா அடைச்சிருக்கேன் சார், இனிமே ஒரு பொட்டுகூட வெளியே போகாது" என்றார். சொன்ன சொல் தவறாத மனுஷன். மூணாம் நாள் பெட்டி ஆயிரத்து முந்நூத்திப் பத்து காட்டுச்சு. அன்னிக்குத்தான் உங்க பொண்ணு பையைக் கட்டினா. பெட்டியை மட்டும் எனக்குத் துணையா வெச்சுட்டுப் போனா.

அப்புறம் நகர அலுவலகத்துக்குப் போனேன். அங்கே தண்ணீர் பிரிவு அதிகாரி ஒருகாலத்துல என்கிட்ட வேலை கத்துக்கிட்டவர். "உட்காருங்கண்ணே"ன்னு நாற்காலி போட்டு, காப்பி சொல்லி, புகார்ப் படிவத்தை எடுத்தார். நிறம், நாற்றம், சுவைன்னு மூணு கட்டம். மூணும் இல்லைன்னேன். "அப்போ நல்ல தண்ணிதானேண்ணே? புகார் என்னன்னு எழுதறது?" நான் ரேடான்னு எழுதச் சொன்னேன். "அதுக்குக் கட்டமே இல்லையே. நீங்க இருந்த காலத்துல இதைப் பார்த்தீங்களா?" "இல்லை." "யாராவது கேட்டாங்களா?" "இல்லை." அவர் பேனாவை மூடினார். நான் காப்பியை முடிச்சேன். முப்பத்தொரு வருஷத்துல நானும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே மாதிரி எத்தனை பேரை அனுப்பியிருப்பேன்னு எண்ணிக்கிட்டே வீடு வந்தேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும் சம்பந்தி. உங்க பொண்ணு வாசல்ல நின்னு ஒரு வார்த்தை கேட்டாளே, அதுதான் எனக்கு ஆறலை. "அத்தை அந்த ரூம்லதானே மாமா இருந்தாங்க?"

இருந்தா. பதினாறு வருஷம். தையல் மிஷினை அங்கேதான் போட்டிருந்தா, காலையிலேருந்து பொழுது சாயுற வரைக்கும். வெயில் அவளுக்கு ஆகாதுன்னு நான்தான் பாறையை வெட்டி அந்த அறையைக் கட்டினேன். நுரையீரல்ல கட்டின்னு கண்டுபிடிச்ச டாக்டர், "வீட்ல யார் சிகரெட் பிடிக்கிறது?"ன்னு கேட்டார். யாரும் இல்லைன்னோம். அவர் நம்பலை, திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில அவளே, "நான்தான் ஒளிச்சு வெச்சுப் பிடிச்சேன்னு எழுதிக்கோங்க டாக்டர், வெளியே கூட்டம் காத்திருக்கு"ன்னா. சிரிச்சுட்டுத்தான் சொன்னா. ஏழு மாசத்துல போயிட்டா. இப்போ இந்த சோப்பு டப்பா வந்து பதில் சொல்லுதாம். அது சொல்றது நிஜம்னா, நான் கட்டினது என்ன? நீங்களே சொல்லுங்க.

ஆகவே பெட்டி பழுது என்று முடிவு செய்துவிட்டேன். தாங்கள் தங்கள் மகளுக்கு நல்ல புத்தி சொல்லி, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் குழந்தையோடு அனுப்பிவைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பேத்தி நூறு வயது வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: மேலே இருக்கறதை எழுதி மூணு வாரம் ஆச்சு, தபால்ல போடலை. பெட்டி பழுதுன்னு நிரூபிச்சுட்டு அந்த விவரத்தையும் சேர்த்து எழுதலாம்னு இருந்தேன். மொட்டை மாடியில நாலு நாள் வெச்சேன், பதினொண்ணு காட்டுச்சு. திரும்பக் கீழறையில வெச்சேன், ஆயிரத்து இருநூத்தி எண்பது. பழுது பெட்டியில இல்லை சம்பந்தி. ஜன்னல்ல பூசின சிமெண்டை நானே சுத்தியலால உடைச்சுட்டேன். தரை விரிசலை அடைச்சு, தரைக்கு அடியில குழாய் இறக்கி, காத்தை உறிஞ்சிக் கூரைக்கு மேல தள்ளறதுக்கு விவரம் தெரிஞ்ச ஒருத்தர் திங்கட்கிழமை வர்றார். அதனால குழந்தையை அனுப்பாதீங்க. நூறுக்குக் கீழே இறங்கி ஒரு மாசம் நிக்கட்டும். அதுவரைக்கும் நானே வந்து வாசல்ல நின்னு கெஞ்சினாலும் அனுப்பாதீங்க. அன்னிக்கு வாசல்ல கேட்டது தப்பில்லைன்னு என் மருமககிட்ட சொல்லிடுங்க, எனக்கு நேர்ல சொல்ல வராது. பெட்டியை இப்போ தெருவுல வீடு வீடா எடுத்துட்டுப் போறேன். நாலு வீட்ல கதவைச் சாத்திட்டாங்க. கார் மெக்கானிக் ஒருத்தர் மட்டும் உள்ளே விட்டார். அவரோட ரெண்டு பொண்ணுங்களும் கீழறையிலதான் உட்கார்ந்து படிக்குதுங்க. எழுநூத்தி ஐம்பது. நேத்து அதுங்க மேஜையை அவரும் நானுமா மேலே தூக்கினோம். நல்ல கனம். பாதிப் படியில எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. "விடுங்க சார், நான் பார்த்துக்கிறேன்"னார். நான் விடலை.