பூனை முதலில் இறங்கிய சந்திரன்

பெண் வீட்டார் பார்க்க வரும் நாளில் மாப்பிள்ளையானவன் தலைவாரிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். நான் சனிக் கிரகத்தின் சந்திரனைச் செய்து மேசையில் வைத்தேன். (வயது இருபத்தாறு. மூளை இன்னும் வந்து சேரவில்லை.)

அது 1986. கரவெட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் விஞ்ஞான ஆசிரியர். உடுப்பிட்டியில் வேலையிலிருந்து இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரின் மகள் பவானியைப் பேசியிருந்தார்கள். ஒரு தரம் பஸ்ஸில் கண்டதற்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அவர்களோ சுத்த சைவம். எனக்கு மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. தரகர் செல்லையா கொஞ்சமும் கூசாமல், "பொடியன் மீன் மச்சத்தை மணந்தும் பார்த்ததில்லை" என்று அவிழ்த்துவிட்டிருந்தார். மாப்பிள்ளையை நேரில் பார்க்கத் தகப்பனும் மகளும் எங்கள் விஞ்ஞானக் கண்காட்சிக்கு வருவதாக ஏற்பாடு.

நான் விட்டேனா! டைட்டன் என்ற அந்த உறைபனிச் சந்திரனையும் அதைச் சுற்றியுள்ள செம்மஞ்சள் புகைமூட்டத்தையும் காட்டி மாமனாரை மயக்குவதென்று முடிவுகட்டினேன். செல்லையா தலையில் கைவைத்தார்.

"கலியாணம் பேசேக்கை சனியனைப் பிடிச்சு மேசையிலை வைக்கிறியோ?"

"சனியில்லை அண்ணை, அதின்ரை சந்திரன்."

ஐஸ் கிடைத்தது பருத்தித்துறையில், மீன் ஏற்றும் வாடிக் கொட்டில் ஒன்றில். மீன் பெட்டிக்குள் கிடந்த கட்டிதான். சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கொண்டுவந்து மூன்று தண்ணீரில் கழுவினேன். உளியால் உருண்டையாக்கினேன். நிறத்துக்கு மஞ்சள் பூசினேன். குளிர் கூடட்டும் என்று உப்பும் தூவினேன். பொரிக்கும் முன் மீனுக்குச் செய்வதையெல்லாம் சந்திரனுக்குச் செய்து வைத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பிறகு ஒரு பெரிய கண்ணாடிச் சாடியால் மூடி, உள்ளே சாம்பிராணிப் புகையை விட்டேன். அதுதான் வளிமண்டலம்.

அவர்கள் வந்தபோது தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. தபாலதிபர் நெற்றி நிறையத் திருநீறு, மடிப்புக் கலையாத வேட்டி. பின்னால் பவானி. தபாலதிபர் குனிந்து சாடியை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இவ்வளவு தூரத்திலை இருக்கிற சந்திரனிலை என்ன காத்து எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"ஐயா, ஒவ்வொரு வாயுவும் ஒளியிலை தன்ரை அடையாளத்தை விடும். விண்கலத்திலை இருக்கிற கருவி அதைப் பார்த்து நைதரசன், மெதேன் எண்டு பிரிச்சுச் சொல்லிப்போடும். அதுக்கு ஒண்டையும் ஒளிக்கேலாது!"

சொன்ன வீராப்பில் சாடியைத் தூக்கினேன்.

அடக் கடவுளே! கொடிகாமச் சந்தைவரைக்கும் மணந்திருக்கும். ஆய்வுகூடத்துப் பூனை எங்கிருந்து வந்ததோ, ஒரே பாய்ச்சலில் டைட்டனில் இறங்கி நக்கத் தொடங்கியது. "சூ! சூ!" என்று நான் கைவீசியதில் பூனை தப்பியது, சந்திரன் தப்பவில்லை. மேசையிலிருந்து உருண்டு, தபாலதிபரின் வேட்டியில் மஞ்சளைத் தெளித்து, அவர் காலடியில் போய் நின்றது. பவானி கையைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"ஐயா, உது மெதேன் மணமாக்கும்" என்றார் செல்லையா.

தபாலதிபர் குனிந்தார். கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"என்ன மெதேன்? உது ஓரா மீன். நேற்றுப் பிடிச்ச ஓரா."

பவானிதான் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு ஓராவின்ரை மணம் எப்பிடித் தெரியும்?"

மனிதர் திருநீற்றைவிட வெளிறிப்போனார். பவானி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவர் என்னை மெல்ல யன்னலோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"மன்னாரிலை ஏழு வருசம் தனிய வேலை செய்தனான், தம்பி. வீட்டுக்காரிக்குத் தெரியாது."

"எனக்கும் ஒண்டும் தெரியாது, மாமா" என்றேன். அந்த 'மாமா' தானாகவே வாயில் வந்தது. அடுத்த தையில் கலியாணம்.

அதற்குப் பிறகு மாமா மாதத்தில் இரண்டு தரம் எங்கள் வீட்டுக்கு 'வளிமண்டல ஆராய்ச்சி'க்கு வருவார். நானே போய்க் கூட்டிவருவேன். மாமி அப்பாவி, வாசல் படலைவரை வந்து பெருமையோடு வழியனுப்புவா. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் மாமா சைக்கிளை உருட்டும்போது மாமி படலையை மறித்துக்கொண்டு நின்றா.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. மாமனும் மருமோனுமாய் உந்தச் சந்திரனுக்கு லீவு குடுங்கோ. நாளைக்கு ஆராயலாம். ஓரா எண்டால் முள்ளுக் கவனம்."

மாமா சைக்கிளைத் திரும்பவும் ஸ்டாண்டில் விட்டார். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் யாராவது மீன் என்று வாயெடுத்தால், சின்னப் பேத்திவரை எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "சந்திரனுக்கு லீவு!"