படுக்கையறைப் பதவிக்கு ஒன்பது விண்ணப்பங்கள்

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய என் அக்கா மகளுக்கு, மூவுலகிலும் அநியாயமாகப் பாதிக்கப்பட்ட உன் மாமா எழுதும் மடல். இங்கே நான் நலமில்லை. வீட்டிலுள்ள ஒன்பது செடிகளும் மிக்க நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தான் என்று நானே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றே நாள்தான் இருக்கிறது.

போன மாதம் படுக்கையறைக்கு வெள்ளையடித்து முடித்ததும் உன் அத்தை, "சன்னல் பக்கம் வெறிச்சுன்னு இருக்கு, சின்னதா ஒரு செடி வாங்கிட்டு வாங்க" என்றாள். யாரிடம் சொல்கிறாள்? முப்பத்தோரு வருடம் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவைக் கட்டி ஆண்டவன் நான். ஒரே ஒரு தட்டச்சு இயந்திரத்துக்குப் பதினான்கு தட்டச்சர்களை நியமித்த கை இது. வந்தவர் முகத்தைப் பார்த்து "நீங்க வேண்டாம்" என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது. குறிப்பேடும் இரண்டு பேனாவுமாக நர்சரிக்குப் படையெடுத்து, ஒவ்வொரு தொட்டி முன்னாலும் நாற்காலி போட்டு நேர்முகத் தேர்வு நடத்தினேன். வெளிச்சம் குறைந்தால் முணுமுணுக்குமா, முன்பு எங்கே இருந்தது, ஏன் அங்கிருந்து வந்தது என்று நான் கேட்கக் கேட்க, நர்சரிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஐயா, செடி வாங்க வந்தீங்களா, குறுக்கு விசாரணை பண்ண வந்தீங்களா?"

"இந்த ரப்பர் செடி வளருமா, அத மட்டும் சொல்லுங்க."

"செடின்னா வளராதாங்க?"

"முப்பது வருஷமா வளராதவங்கள எங்க ஆபீஸ்ல பாத்திருக்கேன்."

முடிவில் தேறியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரையும் தற்காலிகப் பணியில் அமர்த்தி, மினி லாரியில் ஊர்வலமாக அழைத்து வந்தேன்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. மணி பிளாண்ட் இரண்டே வாரத்தில் பீரோவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டது. அதன் மனம் நோகக்கூடாதே என்று நான் பிரிக்கவில்லை, உன் அத்தை மூன்று நாள் ஒரே புடவையில் பேங்குக்குப் போய் வந்தாள். ரப்பர் செடி சுவிட்ச் போர்டை மறைத்து நின்றுவிட, விளக்கைப் போட வேண்டுமென்றால் காட்டுக்குள் கை விட்டுத் துழாவ வேண்டும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. காலையில் கண்ணைத் திறக்காமலே மூக்குக் கண்ணாடியைத் தேடியவள், கள்ளிச் செடியை எடுத்து முகத்தில் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுத் தையல்காரர் தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு மூன்றாவது கை வைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இங்க ஒரே ஒரு செடி இருக்கணும். இல்லேன்னா நான் ஹால்லயே படுத்துக்கறேன், காலம் பூரா" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நானும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எட்டு பேருக்குப் பணிநீக்க உத்தரவு எழுதினேனம்மா. எழுதிக் கொடுக்கப் போனால், ரப்பர் செடி புதிதாக ஓர் இலை விட்டிருக்கிறது. அன்றைக்கே அதை வெளியே அனுப்பினால் அடுக்குமா? ஆனால் உன் அத்தை இல்லாமல் கட்டிலில் பாதி காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. அந்த இடத்தில் ஃபெர்ன் தொட்டியை வைத்துப் பார்த்தேன். பிரயோஜனமில்லை, அது என்னைத் திட்டவே மாட்டேன் என்கிறது. ஆகவே, கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்தும் நீ, ஒரு படுக்கையறைக்கு ஒன்பது செடி கட்டாயம் வேண்டும் என்று முத்திரை குத்தி ஒரு சான்றிதழ் அனுப்பு. நீ சொன்னால்தான் அவள் கேட்பாள்.

உன் வீட்டுத் தொட்டிகளெல்லாம் வாடாமலும், மாப்பிள்ளை உன் பேச்சைத் தட்டாமலும் நீடூழி வாழ வாழ்த்தும்,
உன் மாமா

பி.கு.: உறையில் போடுவதற்குள் இதை உன் அத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "ஆள் எடுக்கறது எப்படின்னு நான் காட்டறேன்" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்பது செடிகளையும் என்னையும் வரிசையாக நிறுத்தினாள். கேட்டது ஒரே கேள்வி: "குறட்டை விடறது யாரு?" ஒன்பது பேரும் வாயே திறக்கவில்லை. நான் உண்மையைச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் கொடியைப் பிரித்து, கள்ளியைச் சன்னலுக்கு மாற்றி, தன் தலையணையை உள்ளேயும் என்னுடையதை வெளியேயும் வைத்துவிட்டாள். தேர்வு முறைப்படிதான் நடந்தது, குறை சொல்வதற்கில்லை. சான்றிதழ் வேண்டாம். நாலரை அடி சோபாவில் ஆறடி ஆள் எப்படிப் படுப்பது என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். அவரை எழுதச் சொல்.