சன்னாசி வளர்த்த மீசையும் மகன் திறக்காத வாயும்

நடக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் பரம சாதுக்கள். குழந்தை விழுந்தால் தூக்கி நிறுத்திவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். பேசக் கற்றுக்கொடுக்கிறார்களே, அது தனி இனம். எந்தக் குழந்தையைக் கண்டாலும் தாடையைப் பிடித்து, "மாமா சொல்லு, எங்க, சொல்லு, சொல்லு" என்று உயிரை வாங்கும் இவர்களுக்குச் சொல்லுசாமிகள் என்று பெயர் வைப்போம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் மலேசியாவின் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் லாரி ஓட்டிய சன்னாசி இந்த இனத்தின் திலகம். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் கங்காணி. விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பேர் கூப்பிட்டால் மூன்று மலைக்கு அப்பால் கேட்கும். அந்தத் தொண்டை அப்படியே மகனுக்கு வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு, வாயில் பல்துலக்கும் பிரஷ் இருந்தாலும் சரி, சோறு இருந்தாலும் சரி, தன் ஒரு வயது மகன் கார்த்திகேசுவைப் பார்த்து "அப்பா சொல்லு" என்று முழங்குவார். குழந்தை "அ..." என்று உதட்டைக் கூட்டும். உடனே இவர், "ஆங்! அப்பா! அப்ப்ப்பா!" என்று பாய்வார். குழந்தை வாயை மூடிக்கொள்ளும்.

"புள்ளைக்கு வாயத் தொறக்க எடம் குடுங்கலா" என்றாள் மனைவி நவமணி.

"நான் நிறுத்திட்டா அவனுக்கு எப்படிப் பேச்சு வரும்?"

போதாக்குறைக்குக் கோப்பிக்கடையில் கூட்டாளி ஜெயபாலனிடம் சபதம் வேறு. "தீபாவளிக்குள்ள என் மகன் அப்பான்னு கூப்பிடலேன்னா மீசைய எடுத்துர்றேன் மச்சான்!" சாதாரண மீசையா அது? பெண் பார்க்கப் போனபோது அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்த மீசை.

தினமும் சாயங்காலம் வீடு வீடாக விற்க வரும் ரொட்டி பாய் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்துவார். குழந்தையைப் பார்த்து, "ரொட்டி?" என்பார். பிறகு சும்மா நிற்பார். அவ்வளவுதான்.

தீபாவளி வந்தது. வீடு கொள்ளாத கூட்டம். கார்த்திகேசுவை நாற்காலியில் ஏற்றி, "அப்பா சொல்லு!" என்றார் சன்னாசி. எல்லாரும் சேர்ந்து "அப்பா சொல்லு!" என்றார்கள், பக்கத்து வீட்டுச் சீனர்கூட முறுக்கும் கையுமாக "அப்பா, அப்பா" என்று கூவினார். குழந்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. அந்நேரம் ரொட்டி பாய் விருந்துக்கு வந்து வாசலில் நின்றார். குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். சும்மா நின்றார்.

"ரொத்தி!"

கூரை பறக்கச் சிரித்தார்கள். ஜெயபாலன் சவரக் கத்தியோடு தயாராக வந்திருந்தான்.

மீசை போன சன்னாசி பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். ஒரு வருடத்தில் அவர் வாய் மூடியிருந்தது அன்றைக்குத்தான். கார்த்திகேசு தவழ்ந்து வந்து மடியில் ஏறினான். வெறும் மேலுதட்டை ஒரு விரலால் தடவினான். வெகுநேரம் பார்த்தான்.

"அப்பா?" என்றான், கொஞ்சம் சந்தேகமாக.

மனுஷனாயிருந்தால் அப்படியே வாரி அணைத்திருக்க வேண்டாமா? அவரோ துள்ளி எழுந்தார். "நவமணி! ஓடியா! டேய், இன்னொரு தடவ சொல்லு! சொல்லு! சொல்லு!"

குழந்தை வாயை மூடிக்கொண்டது. வேறு யார் காதிலும் அது விழவில்லை. இன்றுவரை ஜெயபாலன் நம்பவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் கல்யாண வீட்டில் யார் பெற்ற குழந்தையின் தாடையைப் பிடித்தீர்கள், என்ன சொல்லச் சொன்னீர்கள்? எதற்கும், இருக்கும்போதே மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.